கல்லைப் பழக்கியது யார்

காங்கேயம்
9-6-2025

ரூத்துக்கு ஆத்தா எழுதுவது.

கிரைண்டரை ஒப்பிட்டுப் பார்த்த அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் நான் இல்லை, அவர் இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. என் மகன் ஜெப்ரி, ஃபேக்டரிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு. அவன் பெண்டாட்டி சாரா, உன் அம்மா, காபித் தட்டோடு. டவுன்ஹால் பக்கம் பாத்திரக்கடையும் கிரைண்டர் கடையும் வைத்திருக்கிற பீர் முகம்மது பாய், நாற்காலியில். நம் ஃபேக்டரியில் மெஷினை மாட்டிப் பூட்டுகிற சென்னியப்பன், தரையில் குந்தி. ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நீ. நடுவில் நான். சுவரில் மாலையோடு என் வீட்டுக்காரர், உன் அப்பாரு சின்னப்பராஜ். அவரையும் ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு எதிராக வாய் திறக்காதவர் அவர் ஒருவர்தான். நீயும் திறக்கவில்லை. ஆனால் உன் கணக்கு வேறு.

போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் சொன்னதை உன் அப்பன் நாளைக்கே இல்லை என்பான். இங்கே உன் அத்தையோ போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்கிறாள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம் ஃபேக்டரி கிரைண்டரையும் கடையில் வாங்கிவந்த வேறு மூன்று கம்பெனிக்காரர் கிரைண்டரையும் பாய்க்குக் காட்ட வரிசையாக வைத்துப் பெட்சீட்டால் மூடியிருந்தது. ஒரே உளுந்து, ஒரே ஊறல், ஒரே தண்ணீர். அரைத்த மாவை நான்கு குண்டாவில் எடுத்துக் கலர் கலராக ஸ்டிக்கர் ஒட்டியது நீ. எந்தக் கலர் எந்த மெஷின் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். எது நல்ல மாவு என்று யார் சொல்வது என்ற பேச்சு வந்தபோது பாய்தான் சொன்னார்: "பெரியம்மா சொல்லட்டுமுங்க. அவங்க கையி பாக்காத மாவா."

நான் கையை விட்டுப் பார்த்தேன். பச்சை ஸ்டிக்கர் மாவு பஞ்சு மாதிரி இருந்தது, சூடும் ஏறவில்லை. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டேன், மிதந்தது. மஞ்சளும் மிதந்தது, ஆனால் கொஞ்சம் யோசித்து மிதந்தது. பச்சைதான் என்றேன். பெட்சீட்டை எடுத்தார்கள். பச்சை, துடியலூர்க்காரன் மெஷின். மஞ்சள் நம்முடையது.

ஜெப்ரி சென்னியப்பனைப் பார்த்து, "பெட்டியில இருந்து நேரா எடுத்த மெஷின்ல எப்படிடா இந்த மாவு வரும்" என்றான். சென்னியப்பன் துடியலூர்க் கல்லைத் தடவிப் பார்த்து, பாய் காதில் விழாமல் சொன்னான். "கல்லுப் பழகியிருக்குதுங்க. மூணுமே பழகியிருக்குது."

யார் பழக்கியது என்று ஜெப்ரி கேட்டான். நான்தான் என்றேன். உடனே பாய் பக்கம் திரும்பி என்ன சொன்னான், அதை அட்சரம் மாறாமல் எழுதுகிறேன். "அம்மாவுக்குக் கொஞ்சம் ஞாபகம் தப்பிப்போச்சுங்க பாய். குண்டாவெல்லாம் மாத்தி வெச்சுப்போட்டாங்க. இன்னொருக்கா வெச்சுக்கலாமுங்க."

ரூத், முந்தின வாரம் நீ சமையலறைக்கு வந்தாய். "ஆத்தா, அந்த மூணு மெஷினுக்கும் கல்லுப் பழக்கிப்போடுங்க. அப்பாகிட்டச் சொல்ல வேண்டாம்" என்றாய். அடுத்தவன் மெஷினுக்கு நாம் எதற்குத் தவிட்டைச் செலவழிக்க வேண்டும் என்று கேட்டேன். "நம்மளது பழகின கல்லு, அவங்களது பச்சைக் கல்லு. ஒண்ணுபோல இருந்தாத்தானுங்க ஒப்பிட முடியும்" என்றாய். நியாயமாகப் பட்டது. அது இல்லாவிட்டாலும், புதுக் கல்லில் அரைத்த மாவை நான் மனுசர் வாயில் வைக்க விடமாட்டேன், அதில் கல் பொடி இருக்கும். தவிடும் பழைய சோறும் போட்டு, கழுவுகிற தண்ணீர் சாம்பல் நிறம் போய்த் தெளியும்வரை மூன்றையும் ஓட்டினேன். நீ கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஜெப்ரி கேட்டபோது நான் உன்னைப் பார்த்தேன். நீ ஸ்விட்சைப் பார்த்தாய்.

அன்று சாயங்காலமே, "பத்து நாள் அக்கா வீட்ல இருந்துட்டு வாங்கம்மா" என்று வண்டியில் ஏற்றிவிட்டான். நான் யாரிடமும் உன் பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நீ. ஒரு வார்த்தை போதும்.

ஆத்தா.


கணபதி
17-6-2025

அன்புள்ள ஆத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீங்கள் எழுதியதில் ஒரு பிழை கூட இல்லை. அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனை நடப்பதற்கு முன்பே அட்டைப்பெட்டி அச்சாகிவிட்டது. பெட்டியின் ஒரு பக்கம் முழுக்க நான்கு கம்பம் போட்ட படம். நம் கம்பம் உயரம், மற்ற மூன்றும் குட்டை. மேலே "ஒப்பீட்டில் முதலிடம்". படத்தை வரைந்து கொடுத்தது நான். எந்த அளவை வைத்து வரைவது என்று அப்பாவிடம் கேட்டேன். "வரைஞ்சு குடு, அளவு பொறவு வரும்" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அவரிடம் சொல்லவும் முடியவில்லை. கல் பழகியிருந்தால் உண்மையான அளவு தானாக வெளியே வரும், அவரே பார்த்துக்கொள்வார், நான் எதிர்த்துப் பேச வேண்டியிருக்காது என்று நினைத்தேன். உங்கள் தலையில் வந்து விடியும் என்று நினைக்கவில்லை.

அப்பா இப்போது யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. பாய் நம் மெஷினை எடுக்காவிட்டால் நமக்கு வேறு பெரிய கடை இல்லை என்கிறார். ஃபேக்டரியை என் பொறுப்பில் விடுவதாகப் போன கிறிஸ்துமஸுக்குச் சொன்னது உங்களுக்குத் தெரியும். பொம்பளைப் பிள்ளையிடம் எப்படிக் கொடுப்பது என்று சும்மாவே தயங்குகிறவர். முதுகுக்குப் பின்னால் இப்படிச் செய்தேன் என்று தெரிந்தால் ஃபேக்டரி கேட்டுக்குள்ளேயே என்னை விடமாட்டார்.

அவர் கேட்பது ஒன்றே ஒன்று. நீங்கள் பாயிடம் போனில், குண்டாவை மாற்றி வைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வயசானவர்களுக்கு நடப்பதுதானே என்று அவரும் விட்டுவிடுவார். உடனே கூட்டிவந்துவிடலாம் என்கிறார்.

நான் கேட்கவில்லை ஆத்தா. அப்பா கேட்கிறார் என்று சொல்கிறேன்.

உங்கள்
ரூத்


காங்கேயம்
24-6-2025

ரூத்துக்கு,

உன் அப்பன் கேட்பதை நீ எழுதினால் அது நீ கேட்பதுதான்.

வியாழக்கிழமை நான் வந்திருந்தது உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதால் எழுதுகிறேன். உன் அத்தையிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் பல்லடம் வழியாகச் சிங்காநல்லூர் பஸ் ஏறினேன். அங்கிருந்து இன்னொரு பஸ். கணபதியில் இறங்கி, வெயிலில் நடந்து என் வீட்டுக்கு வந்தேன்.

என் அறைக் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே அட்டைப்பெட்டி. தரையிலிருந்து ஃபேன் வரைக்கும் மடித்து அடுக்கியிருக்கிறது. என் கட்டிலைச் செங்குத்தாகச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மாதா படத்தைக் காணோம், அது பெட்டிகளுக்குப் பின்னால் எங்கேயோ மாட்டிக்கொண்டு நிற்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ வரைந்த நாலு கம்பம். நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய். துடியலூர்க்காரன் கம்பம் என் சுண்டுவிரல் உயரம் கூட இல்லை. அந்த மாவை நான் இந்தக் கையால் தொட்டுப் பார்த்தவள்.

ஜெப்ரி வந்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். "பாய்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்கம்மா. அடுத்த நாளே பெட்டியெல்லாம் கெளப்பிர்றேன்" என்றான். ஒரு மெஷினைவிட இன்னொரு மெஷின் நன்றாக அரைத்தால் எனக்கு எதற்குடா மறதி வர வேண்டும் என்று கேட்டேன். "உங்களுக்கு யாவாரம் தெரியாதுங்கம்மா" என்றான். எனக்கு யாவாரம் தெரியாதுதான். உன் அப்பாரு முதல் மெஷின் பூட்டியபோது அதில் அரைத்துப் பார்த்து, கல் சாய்வாக இருக்கிறது, கழற்று என்று சொன்னவள் நான். அவர் கோபித்துக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. மூன்றாவது வேளை கழற்றினார்.

உன் அம்மா ரசம் ஊற்றிச் சோறு போட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, "சொல்லிப்போட்டு வந்துருங்க அத்தை. ஊடு ஊடா இருக்கட்டும்" என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். இந்த வீட்டில் அவள் பேச்சு எப்போதுமே அவ்வளவுதான்.

நீ எங்கே என்று கேட்டேன். வெளியே போயிருக்கிறாய் என்றார்கள். வாசலில் உன் நீலச் செருப்பு கிடந்தது.

திரும்பி பஸ் ஏறி இங்கே வந்து சேர்ந்தேன். உன் அத்தை கோயிலில் விசாரித்திருக்கிறாள். எங்கே போனேன் என்பது எனக்கே தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

ஆத்தா.


கணபதி
8-7-2025

அன்புள்ள ஆத்தாவுக்கு,

நான் மாடியில்தான் இருந்தேன். படிக்கட்டில் பாதிவரை இறங்கினேன். நீங்கள் சாப்பிடும் சத்தம் கேட்டது. நீங்கள் நிமிர்ந்தால் என் கால் தெரியும் என்று மறுபடி ஏறிவிட்டேன்.

அதற்கப்புறம் இரண்டு தடவை முயன்றேன். ஒரு தடவை அப்பா சாப்பிடும்போது எதிரில் போய் உட்கார்ந்தேன். "ஏங் கண்ணு, என்ன சொல்லோணும்?" என்று அவரே கேட்டார். எவ்வளவு சாந்தமாகக் கேட்டார் தெரியுமா ஆத்தா. அவருடைய முகம் ஒரு மாதத்தில் அப்படி இறங்கிப்போயிருக்கிறது. ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னொரு தடவை ஃபேக்டரியில். சென்னியப்பன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், சொல்லமாட்டார்.

துடியலூர்க்காரர்கள் கல்லை எப்படிக் கொத்துகிறார்கள் என்று நானும் கழற்றிப் பார்த்தேன். அவர்கள் கல்லுக்கும் டிரம்முக்கும் விட்டிருக்கும் இடைவெளி நம்முடையதைவிடச் சீராக இருக்கிறது. நாமும் செய்யலாம். கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் அதைவிட நல்ல மெஷின் என்னால் செய்ய முடியும். அப்போது பெட்டியில் போட்டிருப்பது பொய்யாக இருக்காது. அதற்கு நான் ஃபேக்டரிக்குள் இருக்க வேண்டும். அதனால்தான் சொல்லாமல் இருக்கிறேன். உங்களுக்கு இது சாக்காகத் தெரியும்.

அப்பா அத்தையிடம் பேசி, உங்களை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார். நீங்கள் சொல்லாமல் பஸ் ஏறி வந்ததில் அவர் பயந்துபோயிருக்கிறார். தயவுசெய்து டாக்டரிடம் கோபப்படாதீர்கள்.

ரூத்


காங்கேயம்
15-7-2025

ரூத்துக்கு,

டாக்டரிடம் போனேன். கோபப்படவில்லை. பதில்தான் சொன்னேன்.

உன் வயசுப் பையன். இன்று என்ன கிழமை என்றான். சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னான். எந்தக் கடிகாரம் என்றேன். கடிகாரம் என்றால் கடிகாரம்தான் என்றான். எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது, ஒன்று நின்றுபோனது, எதை வரையட்டும் என்றேன். அவன் சிரித்துவிட்டு ஏதோ எழுதினான். ஐந்து சாமான் பேர் சொல்லி, கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னான். ஐந்தையும் சொல்லி, அவன் சொல்லும்போது மூன்றாவதாகச் சொன்னதற்கு முன்னால் இருமினான் என்பதையும் சொன்னேன். என் வயசுக்காரர்கள் எத்தனை சொல்வார்களோ அதோடு என்னை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். என்னையும் பெட்சீட்டு போட்டு மூடி வரிசையில் வைத்திருக்கிறார்கள். நான் எந்தக் கலர் என்றுதான் தெரியவில்லை.

வயசுக்கு நன்றாகவே இருக்கிறார்கள் என்று சொல்லி அனுப்பினான். வெளியே வந்ததும் உன் மாமா உன் அத்தையிடம் சொன்னது: "இது இப்படித்தான் இருக்கும். பழசெல்லாம் அச்சடிச்ச மாதிரி சொல்லுவாங்க. புதுசுதான் மறந்துபோகும்."

இங்கே என்ன நடக்கிறது பார். நான் ஒன்றைச் சரியாகச் சொன்னால், பாவம் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறார்கள். பேசாமல் இருந்தால், நினைப்பு எங்கேயோ போய்விட்டது என்கிறார்கள். நான் கல்லைப் பழக்கினேன், குண்டாவை மாற்றவில்லை என்று உன் அத்தையிடம் சொன்னேன். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கையைத் தடவிக்கொடுத்தாள். என் மகள் என் கையைத் தடவுகிறாள், நான் என்னமோ காய்ச்சலில் பிதற்றுகிற மாதிரி. அடுப்பைத் திறந்து விட்டுவிடுவேன் என்று கேஸ் சிலிண்டரை என் கண்ணில் படாமல் பூட்டி வைக்கிறாள். வாசலிலிருந்து கேட்டு வரைக்கும் உன் மாமா தேங்காய்ப் பருப்புக் காயப்போட்டிருக்கிறார். கால் வைக்க இடமில்லை. முன்பெல்லாம் ஒரு ஓரம் வழி விடுவார். இப்போது விடுவதில்லை. நான் பஸ்ஸுக்குப் போன நாளிலிருந்து விடுவதில்லை.

இதிலிருந்து நானாக வெளியே வர முடியாது. நான் என்ன சொன்னாலும் செல்லாது. நீ சொன்னால் செல்லும். நான்தான் பழக்கச் சொன்னேன் என்று நீ சொன்ன அந்த நிமிசம், எனக்கு மறதி இல்லை என்று ஆகிவிடும். மெஷின் தோற்றதும் நிஜம் என்று ஆகிவிடும், அதுவும் எனக்குத் தெரிகிறது. உன் அப்பன் கத்துவான். கத்தட்டும். அவன் பிறந்ததிலிருந்து நான் கேட்கிற சத்தம்தான் அது, அதில் யாரும் செத்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடு. அப்போது அவன் கொஞ்சம் நல்லவனாக இருப்பான்.

ஆத்தா.


கணபதி
30-7-2025

அன்புள்ள ஆத்தாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை சொல்லவில்லை. திங்கட்கிழமை பாய் வந்துவிட்டார்.

மறுபடி சோதனை வைத்தோம். மற்ற மூன்றும் கடையிலிருந்து புதிதாக வாங்கிப் பெட்டியோடு வந்தவை. இந்தத் தடவை மாவைப் பார்த்தது அம்மா. நம் மாவுதான் முதலில் வந்தது. பச்சைக் கல்லோடு பழகிய கல்லை வைத்தால் வேறெப்படி வரும். குண்டாவைத் தொட்ட கையை அம்மா முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாய் உடனே சரி என்று சொல்லவில்லை. மாவைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பெரியம்மா எங்கீங்க? அவங்க பாத்துச் சொன்னா எனக்குத் திருப்தி" என்றார்.

அப்பா பாயைப் பார்க்கவில்லை ஆத்தா. அவர் என்னைத்தான் பார்த்தார். அங்கே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வந்தது வேறு. "ஆத்தாவுக்குக் கொஞ்ச நாளாவே மறதிங்க பாய். அன்னைக்குக் கூட நானே பாத்தேன், குண்டாவ மாத்தி வெச்சாங்க" என்றேன்.

பாய் தலையை ஆட்டினார். பாவம் என்றார். தீபாவளிக்கு நம் மெஷினை முன்வரிசையில் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டியெல்லாம் கடைக்குப் போய்விட்டது. உங்கள் அறையை நானே கூட்டித் துடைத்தேன். மாதா படத்தை மாட்டிவிட்டேன். கட்டிலைப் போட்டு, புது மெத்தை வாங்கியிருக்கிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை அப்பா வண்டியோடு வருவார். வந்துவிடுங்கள். இனி யாரும் உங்களை எதுவும் கேட்கமாட்டார்கள். பாய் எப்போதாவது வந்தால் மட்டும் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

ஃபேக்டரியின் உள்வேலை முழுக்க என்னைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் அப்பா. முதல் வேலையாக அந்த இடைவெளியைத்தான் சரிசெய்யப் போகிறேன்.

ரூத்


காங்கேயம்
6-8-2025

ரூத்துக்கு,

சனிக்கிழமை வண்டி வரும், ஏறுவேன். எனக்கு வேறு போக்கிடம் இல்லை. மகள் வீட்டில் எத்தனை நாள் இருப்பது. அதுவும் இங்கே எனக்குச் சாப்பாட்டோடு தூக்க மாத்திரையும் வைக்கிறார்கள்.

மெத்தைக்குச் சந்தோசம். நீ கூட்டித் துடைத்ததும் சந்தோசம். இனி யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அது நிஜம். பால்காரன் பாக்கியில் ஆரம்பித்து உன் கல்யாணப் பேச்சு வரைக்கும் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். நான் ஏதாவது சொன்னால் உன் அம்மா உன் அப்பனைப் பார்ப்பாள், உன் அப்பன் உன்னைப் பார்ப்பான், நீ என் கையைத் தடவுவாய். சாகும் வரைக்கும் அந்த வீட்டில் நான் அப்படித்தான் இருக்கப்போகிறேன். அதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் இருந்தது என் ஞாபகம் மட்டும்தான். அதைத்தான் நீ பாயிடம் கொடுத்துவிட்டாய், நானே பார்த்தேன் என்று சாட்சி சொல்லி.

நீ நல்ல மெஷின் செய்வாய். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னை மாவு பார்க்கக் கூப்பிடாதே.

நேற்று இங்கே கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். உன் மாமா பருப்பை ஒதுக்கி வழி விட்டார், கோயில் என்பதால். யார் மீதாவது வருத்தம் வைத்திருந்தால் மன்னித்துவிட்டு வாருங்கள் என்றார் சாமியார். எல்லோரையும் மன்னித்துவிட்டேன் சாமி, ஒருத்தரைத் தவிர என்றேன். உன் அப்பன் பொய் சொன்னது பயத்தில். அவன் சின்ன வயசிலிருந்தே பயந்தால் பொய் சொல்வான், மன்னித்துவிட்டேன். உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள் என்று எழுதினாயே, அதற்காகவே அவளை மன்னித்தேன். சென்னியப்பன் கூலிக்காரன். பாய் பாவம் என்று சொன்னது நல்ல மனசில். உன் அத்தை, மாமா, அந்த டாக்டர் பையன், எல்லோரையும் ஒவ்வொருவராகச் சொல்லி மன்னித்தேன்.

அந்த ஒருத்தரையும் மன்னிக்க வேண்டும் அம்மா என்றார்.

"முடியாதுங்க சாமி."

"மகனுங்களா?"

"இல்லைங்க."

"மருமகளுங்களா?"

"இல்லைங்க சாமி."

"பின்ன யாருங்கம்மா?"

பேரைச் சொன்னேன். ரூத்.